சமூகப்பணி படித்து முடித்து, தொண்டு நிறுவனத்தில் முதல் வேலை: எதற்குத் தயாராக வேண்டும்?

சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு, குடும்பங்களோடு வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் அடுத்த மாதம் கேஸ் ஒர்க்கராக (ஒவ்வொரு குடும்பத்தின் பிரச்சினையையும் நேரில் கவனித்து உதவும் பணியாளராக) சேரப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். சேர்வதற்கு முன் எதைப் படித்துக்கொள்ளலாம், முதல் ஆறு மாதம் எப்படி இருக்கும் என்பது உங்கள் கேள்வி. ஆனால் நடுவே, "எனக்குத் தெரியாத ஏதோ ஒன்றால் ஒரு குடும்பத்துக்குக் கெடுதல் நடந்துவிட்டால் என்ன செய்வேன்" என்று ஒரு வரி வருகிறது. மற்றதெல்லாம் அந்த வரியைச் சுற்றித்தான் எழுதப்பட்டிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதனால் அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

அந்தப் பயம் நியாயமானது. இந்த வேலையில் கெடுதல் நடக்க இடமுண்டு, அனுபவம் உள்ளவர்களாலும் நடக்கும். ஆனால் சேர்வதற்கு முன் இன்னும் நாலு புத்தகம் படித்து அதைத் தடுத்துவிட முடியாது. முதல் நாளிலிருந்தே மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: உங்களிடம் வரும் கேஸ் உங்களுடையது இல்லை, நிறுவனத்துடையது. நிறுவனத்தின் சார்பில் நீங்கள் அதைப் பார்க்கிறீர்கள். கேட்க ஏதோ ஆபீஸ் விதி மாதிரி இருக்கும். ஆனால் புதிதாக வருபவர்கள் தடுமாறிய இடங்களை யோசித்துப் பார்த்தால், பெரும்பாலும் ஒரு கேஸைத் தன் சொந்தப் பொறுப்பாக நினைத்துத் தனியே தூக்கிக்கொண்டு போன இடமாகத்தான் இருக்கிறது. நான் பல வருடங்களாகக் குடும்பங்களோடும் வயதானவர்களோடும் வேலை செய்கிறேன், இப்போது புதிதாகச் சேர்பவர்களுக்கு மேற்பார்வையாளராகவும் இருக்கிறேன். மருத்துவமனை, சிறைச்சாலை போன்ற இடங்களில் நான் வேலை செய்ததில்லை. கீழே எழுதுவதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

படித்ததெல்லாம் மறந்துபோன மாதிரி இருக்கிறது என்கிறீர்கள். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இந்தப் படிப்பே வேலையிலிருந்து பிறந்ததுதான். 1898இல் நியூயார்க்கில் அறப்பணிச் சங்கம் ஒன்று, ஏழைகளின் வீடுகளுக்குப் போய்வருபவர்களுக்கு முறையான பயிற்சி வேண்டும் என்று ஆறு வாரக் கோடை வகுப்பு ஒன்றைத் தொடங்கியது. அதுவே வளர்ந்து பின்னாளில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமூகப்பணிப் பள்ளியானது. இன்றைக்கும் பாடத்திட்டத்தில் களப்பணிக்குத்தான் முதலிடம். நீங்கள் களப்பணியில் பழகியது உங்களிடம் இருக்கிறது. ஒரு ஆள் எதிரே வந்து உட்கார்ந்ததும் அது தானாக வெளியே வரும். புதிதாக இருக்கப்போவது வேறொன்று. களப்பணி முடிந்ததும் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். வேலையில் அப்படி முடிவது கிடையாது. அதே குடும்பம் மூன்று மாதம் கழித்து அதே பிரச்சினையோடு வந்து நிற்கும், நீங்களும் அங்கேயே இருப்பீர்கள். அதற்கு எந்த வகுப்பிலும் பயிற்சி தர முடியாது.

சரி, முதல் வாரத்தில் என்ன செய்வது? மேற்பார்வை எப்படி நடக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சம்பளத்தைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, அதே அளவு தெளிவாக இதையும் கேட்க வேண்டும். என் மேற்பார்வையாளர் யார்? எத்தனை நாளுக்கு ஒருமுறை தனியாக உட்கார்ந்து பேசுவோம்? அவர் விடுமுறையில் இருந்தால் யாரிடம் போவது? மாலை ஆறு மணிக்கு மேல், ஒரு வீட்டில் இருக்கும்போது அவசரமாக ஏதாவது நடந்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும்? கடைசிக் கேள்விக்குப் பதிலைக் கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள், ஒரு தாளிலும் எழுதிப் பைக்குள் வையுங்கள். இந்தக் கேள்விகளைக் கேட்டதற்காக உங்களை யாராவது தன்னம்பிக்கை இல்லாதவர் என்று நினைத்தால், அந்த நிறுவனத்தைப் பற்றித்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

மேற்பார்வைக்கு மூன்று வேலைகள் உண்டு என்று சமூகப்பணிப் பேராசிரியர் ஆல்ஃபிரட் கடூஷின் 1976இல் எழுதினார்: நிர்வாகம், கற்பித்தல், தாங்கிப்பிடித்தல். வேலை விதிப்படி நடக்கிறதா என்று பார்ப்பது முதலாவது. வேலையைக் கற்றுத்தருவது இரண்டாவது. வேலை மனதில் ஏற்றிவைக்கும் சுமையைத் தாங்க உதவுவது மூன்றாவது. நடைமுறையில் முதலாவது மற்ற இரண்டையும் விழுங்கிவிடும். "எத்தனை வீடு பார்த்தீர்கள், படிவம் முடிந்ததா, ரிப்போர்ட் எப்போது" என்பதிலேயே ஒரு மணி நேரம் ஓடிவிடும். மேற்பார்வையாளர் கெட்டவர் என்று இதற்கு அர்த்தமில்லை. அவரை மேலிருந்து யாரோ அதையே கேட்கிறார்கள். அதனால் கற்பித்தலையும் தாங்கிப்பிடித்தலையும் நீங்களாகத்தான் கேட்டு வாங்க வேண்டும். என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரே ஒரு கேஸை முழுசாகக் கொண்டு வாருங்கள், அதில் உங்களுக்குப் புரியாத ஒரு இடத்தை வாக்கியமாக எழுதி எடுத்து வாருங்கள். "இந்தக் குடும்பம் கஷ்டமாக இருக்கிறது" என்றால் என்னால் ஆறுதல்தான் சொல்ல முடியும். "நான் குழந்தையைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் பாட்டி எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறார், நானும் பேச்சை மாற்றிவிடுகிறேன்" என்று சொன்னால் இருவரும் சேர்ந்து யோசிக்க ஒரு விஷயம் கிடைத்துவிட்டது.

அந்த இரண்டாவது வாக்கியத்தை இன்னொருமுறை படித்துப் பாருங்கள். பாட்டி செய்ததும் அதில் இருக்கிறது, நீங்கள் செய்ததும் இருக்கிறது. கேஸைப் பற்றிப் பேசும்போது நம்மை விட்டுவிட்டுப் பேசுவது எல்லோருக்கும் வரும் பழக்கம். ஆனால் மேற்பார்வை பலன் தருவது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதும் மேஜைக்கு வரும்போதுதான். முதல் சில மாதங்களில் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கும். சொல்லிவிடுங்கள்.

மேற்பார்வை இருந்தால் பயனாளிகளுக்குப் பலன் கூடுகிறது என்று நிரூபிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டால், அந்த அளவு உறுதியாகச் சொல்ல முடியாது. நல்ல மேற்பார்வை கிடைக்கும் இடத்தில் பணியாளர்கள் வேலையை விட்டுப் போவது குறைவு, மனநிறைவு கூடுதல் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் இருக்கிறது. குடும்பங்களின் வாழ்க்கையில் அது நேரடியாக என்ன மாற்றம் செய்கிறது என்பதற்கான ஆதாரம் அதைவிட மெலிந்தது. ஆனாலும் நான் அதை முதலில் வைக்கிறேன். ஒரு கேஸை இரண்டு பேர் அறிந்திருப்பது ஒருவர் மட்டும் அறிந்திருப்பதைவிடப் பாதுகாப்பானது என்பதை என் வேலையில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வாக்குக் கொடுப்பது. முதல் சந்திப்பில் எதிரே இருப்பவர் அழுதால், ஏதாவது செய்து அந்த அழுகையை நிறுத்த வேண்டும் என்று தோன்றும். "கவலைப்படாதீங்க, வீட்டு விஷயத்தை நான் பார்த்துக்கிறேன்" என்று வாயில் வந்துவிடும். வீடு உங்கள் கையில் இல்லை, நிறுவனத்தின் கையிலும் இல்லாமல் இருக்கலாம். அதற்குப் பதில், "வீட்டுக்கான விண்ணப்பத்தை வியாழக்கிழமை நாம் சேர்ந்து நிரப்பலாம். கிடைக்குமா என்பது அவர்கள் முடிவு. எந்தப் பதில் வந்தாலும் அன்றைக்கே உங்களுக்குச் சொல்கிறேன்" என்று சொல்லலாம். கேட்க இது சின்னதாகத் தெரியும். ஆனால் வியாழக்கிழமை நீங்கள் சொன்ன நேரத்துக்குப் போய் நிற்கும்போது அந்த வீட்டில் ஏதோ ஒன்று மாறும். உங்களுக்கு முன்னால் எத்தனையோ பேர் வந்து, பெரிய பெரிய வாக்குக் கொடுத்துவிட்டுக் காணாமல் போயிருப்பார்கள். நீங்கள் திரும்பி வந்ததே அவர்களுக்குப் புதுசாக இருக்கும். முதல் ஆறு மாதத்தில் உங்களால் நிச்சயமாகச் செய்ய முடிகிற நல்லது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

கொடுக்கவே கூடாத ஒரு வாக்கு உண்டு. அது ரகசியம். "உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், யார்கிட்டேயும் சொல்லமாட்டேன்னு சொல்லுங்க" என்று ஒருவர் ஆரம்பிப்பார். பெரும்பாலும் கிளம்புகிற நேரத்தில், நீங்கள் செருப்பு போட்டுக்கொண்டிருக்கும்போது. சத்தியம் செய்யாதீர்கள். பணியாளருக்கும் பயனாளிக்கும் உள்ள உறவுக்கு ஃபெலிக்ஸ் பீஸ்டெக் என்ற சமூகப்பணிப் பேராசிரியர் 1957இல் வகுத்த ஏழு கோட்பாடுகளை வகுப்பில் படித்திருப்பீர்கள், ரகசியம் காப்பது அதில் ஒன்று. ஆனால் அந்த ரகசியம் உங்கள் ஒருவர் மனதுக்குள் இருப்பதில்லை, நிறுவனத்துக்குள் இருக்கிறது. மேற்பார்வையாளருக்குத் தெரியும், ஃபைலில் இருக்கும். அதற்கு எல்லையும் உண்டு. 1976இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பு இதில் பெரிய திருப்பம். ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாக ஒரு மாணவர் தன் மனநல ஆலோசகரிடம் சொல்லியிருந்தார். அந்தப் பெண்ணை யாரும் எச்சரிக்கவில்லை, 1969இல் அவர் கொல்லப்பட்டார். அப்படி ஆபத்தில் இருப்பவரைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை சிகிச்சை தருபவருக்கு உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு அங்கேதான் சட்டம். குழந்தைகளுக்கு நடக்கும் கொடுமை, பிறருக்கு வரக்கூடிய ஆபத்து, தற்கொலை ஆகியவற்றில் யாருக்கு எப்போது தெரிவிக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே முதல் வாரத்தில் உங்கள் நிறுவனத்தின் எழுதப்பட்ட விதியை வாங்கிப் படியுங்கள். சேர்வதற்கு முன் எதையாவது படித்தே ஆகவேண்டும் என்று தோன்றினால், குழந்தைப் பாதுகாப்பு பற்றிய உங்கள் நாட்டுச் சட்டத்தைப் படியுங்கள்.

அப்புறம், ரகசியத்தின் எல்லையை முதல் சந்திப்பிலேயே, எதுவும் நடக்காத நேரத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. "நீங்கள் சொல்வதை வெளியே யாரிடமும் பேசமாட்டோம். ஆனால் உங்களுக்கோ, ஒரு குழந்தைக்கோ, வேறு யாருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் நான் என் மேற்பார்வையாளரிடம் சொல்லியே ஆகவேண்டும். அதையும் முடிந்தவரை உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்." இப்படிச் சொன்னால் அவர்கள் மனம் திறக்கமாட்டார்களோ என்று புதியவர்கள் பயப்படுவார்கள். சிலர் அப்படிப் பின்வாங்குவது உண்மை. ஆனால் சொல்லாமல் இருந்துவிட்டு, எல்லாம் கேட்டபிறகு வேறொருவரிடம் போய்ச் சொன்னால் அந்தக் குடும்பம் உங்களை மட்டுமல்ல, அடுத்து வரும் எந்தப் பணியாளரையும் நம்பாது.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இது உறுதியான விஷயம். ஒருவர் சாவைப் பற்றி மறைமுகமாகப் பேசினால், "தற்கொலை செய்துகொள்ளும் எண்ணம் வருகிறதா" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அப்படி நடப்பதில்லை என்பதை ஆய்வுகள் மறுபடி மறுபடி காட்டியிருக்கின்றன. அமைதியாக, அவசரப்படாமல் கேட்க வேண்டும். ஆமாம் என்று பதில் வந்தால் அவரைத் தனியே விட்டுவிட்டு வராதீர்கள். அங்கே இருந்தபடியே முன்பு சொன்ன எண்ணைக் கூப்பிடுங்கள். இதைச் சேர்வதற்கு முன்பே ஒரு நண்பரோடு வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். முதல்முறை அந்த வார்த்தை தொண்டையில் சிக்கும். நண்பரிடம் சிக்குவது பரவாயில்லை.

இப்போது நோட்ஸ். இதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், ஏனென்றால் இது அலுப்பான வேலை என்று ஒதுக்குகிறார்கள், ஆனால் கெடுதல் நுழைவதும் தடுக்கப்படுவதும் பல சமயம் இங்கேதான். ஒரு வீட்டுக்குப் போய்விட்டு வந்து இப்படி எழுதலாம்: "பாட்டி ஒத்துழைக்கவில்லை. வீடு சுத்தமாக இல்லை. குழந்தை பயந்த சுபாவம்." அல்லது இப்படி எழுதலாம்: "மாலை 4.10க்குப் போனேன். கதவைத் திறக்கச் சில நிமிடம் ஆனது. குழந்தை பள்ளிக்குப் போகிறதா என்று இரண்டுமுறை கேட்டேன். இரண்டுமுறையும் பாட்டி பதில் சொல்லாமல் அடுத்த அறைக்குப் போனார். சமையலறைத் தரையில் ஈரம், ஒரு மருந்துப் பாட்டில் மூடி இல்லாமல் கீழே இருந்தது; எடுத்து மேலே வைக்கச் சொன்னேன், வைத்தார். குழந்தை நான் இருந்த அரை மணி நேரமும் பாட்டியின் சேலையைப் பிடித்துக்கொண்டே இருந்தது. பள்ளிக்குப் போகாமல் இருக்கலாம் என்று நினைக்கிறேன். நாளை பள்ளியில் கேட்க பாட்டியின் சம்மதம் வாங்கியிருக்கிறேன்."

முதல் குறிப்பில் இருப்பது முழுக்க உங்கள் தீர்ப்பு. ஒரு வருடம் கழித்து ஃபைலைத் திறக்கும் இன்னொரு பணியாளர் அந்தப் பாட்டியைச் சந்திப்பதற்கு முன்பே, "ஒத்துழைக்காதவர்" என்று முடிவு செய்துவிடுவார். அந்தச் சொல் அந்தக் குடும்பத்தோடு ஃபைல் ஃபைலாக நடக்கும். நீங்கள் பயப்படுகிற கெடுதல் பல சமயம் இப்படித்தான் நடக்கிறது, சத்தமே இல்லாமல். இரண்டாவது குறிப்பில் பார்த்தது தனியாக, நினைத்தது தனியாக, செய்யப்போவது தனியாக இருக்கிறது. பாட்டி ஏன் எழுந்து போனார் என்று அதில் முடிவு கட்டவில்லை. அவருக்குக் காது சரியாகக் கேட்காமல் இருக்கலாம், வெட்கமாக இருக்கலாம், வேறு ஏதாவது இருக்கலாம். அடுத்து போகிறவர் அதைக் கண்டுபிடிக்க இடம் இருக்கிறது. எழுதி முடித்ததும், இதை அந்தப் பாட்டியே படித்தால் என்ன நினைப்பார் என்று ஒருமுறை யோசியுங்கள். பல நாடுகளில் தன்னைப் பற்றிய ஃபைலைக் கேட்டுப் பார்க்கும் உரிமை மக்களுக்கு இருக்கிறது. அன்றன்றைக்கே எழுதிவிடுங்கள். இரண்டு நாள் போனால் நினைவு தன் வசதிக்குக் கதையை ஒழுங்குபடுத்திவிடும்.

கூட வேலை செய்பவர்களைப் பற்றி. பட்டம் எதுவும் இல்லாமல் பல வருடங்களாக அங்கேயே இருக்கும் களப்பணியாளர் ஒருவர் நிச்சயம் இருப்பார். எந்த வீட்டுக்குக் காலையில் போகக்கூடாது, எந்த அலுவலகத்தில் யாரிடம் பேசினால் வேலை நகரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். முதல் மாதம் அவரோடு எத்தனை வீடுகளுக்குப் போக முடியுமோ அத்தனைக்கும் போங்கள், பின்னால் இருந்து பாருங்கள். அவர் செய்வதில் சில, நீங்கள் படித்த நெறிமுறைக்கு ஒத்துவராது. அதை அவர் முன்னால் திருத்தப் போகவேண்டாம். ஆனால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடவும் வேண்டாம். "நீங்கள் அப்படிச் செய்ததற்கு என்ன காரணம்" என்று கேளுங்கள். பாதி நேரம் நீங்கள் யோசிக்காத நல்ல காரணம் இருக்கும். மீதி நேரம் மேற்பார்வையில் பேசவேண்டிய விஷயம் இருக்கும்.

பணத்தைப் பற்றி வகுப்பில் அதிகம் சொல்லியிருக்கமாட்டார்கள். தொண்டு நிறுவனத்துக்கு வரும் நிதியில் பெரும்பகுதி இன்ன வேலைக்கு என்று குறித்துத்தான் வரும். குழந்தைகளின் படிப்புக்கு என்று வந்த பணத்தில் பாட்டியின் கண் ஆபரேஷனுக்குச் செலவு செய்ய முடியாது, பாட்டிக்குக் கண் தெரியாததால்தான் குழந்தை பள்ளிக்குப் போகவில்லை என்றாலும் சரி. இதைப் பார்த்து முதலில் கோபம் வரும். அந்தக் கோபம் சரியானதுதான், ஆனால் கணக்காளர் மேல் காட்டாதீர்கள். உங்கள் ப்ராஜெக்ட்டுக்கு யார் நிதி தருகிறார்கள், எதற்குத் தருகிறார்கள், எப்போது முடிகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த வருடம் அந்த நிதி நின்றுவிடும் என்றால், உங்களை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு அதை எப்போது, எப்படிச் சொல்வது என்பதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். கடைசி வாரத்தில் சொல்வது பெரிய அநியாயம். உங்கள் நோட்ஸ் நன்றாக இருந்தால், "படிப்புக்கு வந்த நிதி ஏன் போதவில்லை" என்பதைக் காட்டி அடுத்த விண்ணப்பத்தில் கொஞ்சம் தளர்வு கேட்க நிர்வாகத்துக்கு அதுவே ஆதாரமாகும். இப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன். எப்போதும் நடக்கும் என்று சொல்லமாட்டேன்.

எண்ணிக்கை கேட்பார்கள். இத்தனை பேருக்கு ஆற்றுப்படுத்தல் (மன ஆலோசனை), இத்தனை வீட்டுச் சந்திப்பு என்று. தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேசியதைச் சந்திப்பு என்று எழுதச் சொன்னால் எழுதாதீர்கள். "அது தொலைபேசி அழைப்பு, அப்படியே பதிவு செய்கிறேன்" என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். பெரும்பாலான இடங்களில் அதோடு முடிந்துவிடும்.

சொந்தக் கைபேசி எண்ணைக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நிறுவனம் தனி எண் தந்தால் அதை மட்டும் கொடுங்கள். தராவிட்டால் கேளுங்கள். நள்ளிரவில் ஒரு தாய் கூப்பிட்டு நீங்கள் எடுக்காமல் போனால், அவருக்கு நீங்கள் கைவிட்டதாகத் தோன்றும். எப்போதும் எடுத்தால், சில மாதங்களில் உங்களால் முடியாமல் போய் அப்போது கைவிடுவீர்கள். இரவில் யாரைக் கூப்பிடலாம் என்பதை அவருக்குச் சொல்லிவைப்பதுதான் உண்மையான உதவி. பணம் கடன் கொடுப்பது, அவர்கள் வீட்டு வேலையைச் செய்து கொடுப்பது, சமூக வலைத்தளத்தில் நண்பராவது எல்லாவற்றுக்கும் இதே அளவுகோல்தான்: இதை நாளை எல்லாக் குடும்பங்களுக்கும் செய்ய முடியுமா, மேற்பார்வையாளரிடம் சொல்ல முடியுமா? சொல்ல முடியாத எதையும் செய்யாதீர்கள். அன்பளிப்பு கொஞ்சம் சிக்கல். வறுமையில் இருப்பவர் கையால் செய்த ஒரு சின்னப் பொருளைத் தரும்போது மறுப்பது அவமதிப்பாகிவிடும். நிறுவனத்தின் விதி எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, வாங்கினால் அன்றைக்கே நோட்ஸில் எழுதிவிடுங்கள். இதில் ஒரே சரியான விடை இருப்பதாக நான் நினைக்கவில்லை. நல்ல பணியாளர்கள் இரண்டு விதமாகவும் செய்கிறார்கள்.

அவர்கள் எடுக்கும் முடிவு உங்களுக்குப் பிடிக்காமல் போவதும் நடக்கும். நீங்கள் அலைந்து திரிந்து ஏற்பாடு செய்த வேலைக்கு ஒருவர் போகமாட்டார். அடிக்கும் கணவனிடமே ஒரு பெண் திரும்பிப் போவார். முடிவு எடுக்கும் உரிமை அவருடையது என்று பாடத்தில் படிப்பது சுலபம், அன்றைக்கு இரவு தூக்கம் வராது. கதவைச் சாத்தாமல் இருப்பதுதான் உங்கள் வேலை. "எப்போது வேண்டுமானாலும் வரலாம்" என்று சொல்லி, அவசரத்தில் எப்படி வெளியேறுவது என்பதை அவரோடு சேர்ந்து திட்டமிட்டு அனுப்புங்கள். துன்புறுத்தும் உறவிலிருந்து வெளியேறுவது பலருக்கும் ஒரே முயற்சியில் முடிவதில்லை. வெளியேறும் சமயமே மிக ஆபத்தான சமயமாக இருக்கலாம். அதனால் அவசரப்படுத்துவதும் ஆபத்து.

களைப்பைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள், அதில் பாதி நம்பத்தகுந்தது இல்லை. உறுதியாகத் தெரிந்தது இவ்வளவு. வேலையில் எரிந்து கரைந்துபோவதை (பர்ன்அவுட் என்பார்கள்) பற்றி 1974இல் எழுதிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், நியூயார்க்கின் ஒரு இலவச மருத்துவமனையில் தன்னார்வலராக இருந்தபோது அங்கே கண்டதை வைத்துத்தான் எழுதினார். ஆக இது நம் மாதிரி இடங்களில் கண்டுகொண்ட பிரச்சினைதான். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐசிடி-11 என்ற சர்வதேச நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் இதை நோய் என்று சொல்லாமல், சரியாகச் சமாளிக்கப்படாத வேலை அழுத்தத்தால் வரும் நிலை என்று வரையறுத்தது. மூன்று அடையாளங்கள்: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி அல்லது கசந்துபோவது, நம்மால் ஒன்றும் ஆகவில்லை என்ற உணர்வு. இரண்டாவதைக் கவனியுங்கள். பயனாளிகளைப் பற்றி அலுவலகத்தில் கிண்டலாகப் பேச ஆரம்பித்தீர்கள் என்றால், அது குணக்கேடு இல்லை, அறிகுறி. மேற்பார்வையில் சொல்லவேண்டிய நேரம் வந்துவிட்டது.

சந்தேகத்துக்குரியது, தீர்வு என்று விற்கப்படுவது. மூச்சுப் பயிற்சியும் நல்ல தூக்கமும் உதவும், செய்யுங்கள். ஆனால் ஒருவர் தலையில் தாங்கமுடியாத எண்ணிக்கையில் கேஸ்களைக் கட்டிவிட்டு, அவரைத் தியானம் செய்யச் சொல்வது தீர்வாகாது. கேஸ் எண்ணிக்கை, மேற்பார்வை, வேலை நேரம் ஆகியவை நிறுவனத்தின் கையில் இருப்பவை. ஒரு கொடுமையான சம்பவத்துக்குப் பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியே உட்காரவைத்து நடந்ததை விவரமாகச் சொல்லவைக்கும் ஒரே ஒரு அமர்வை நல்லெண்ணத்தோடு சில இடங்களில் நடத்துகிறார்கள். அப்படித் தனிநபரிடம் ஒரேமுறை நடத்தும் அமர்வு பிற்காலப் பாதிப்பைத் தடுப்பதில்லை, சிலருக்குத் தொந்தரவை அதிகப்படுத்தவும் கூடும் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். உங்களைக் கட்டாயப்படுத்தினால், "இப்போது பேசவில்லை, பிறகு பேசுகிறேன்" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அன்றைக்கு வீடு வரை துணைக்கு ஒருவர் வருவதும், மறுநாள் வேலையைக் குறைத்துக்கொடுப்பதும் என் அனுபவத்தில் அதைவிட உதவியிருக்கின்றன.

கடைசியாக, நல்ல நிறுவனமா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? பணம் குறைவு, இடம் நெருக்கடி, கணினி பழசு என்பதையெல்லாம் வைத்து முடிவு செய்யாதீர்கள். பெரும்பாலான நல்ல இடங்கள் அப்படித்தான் இருக்கும். ஏதாவது தவறு நடந்தால் அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு பணியாளர் "இந்த வீட்டில் எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொன்னால் இரண்டு பேராக அனுப்புகிறார்களா, இல்லை சமாளித்துக்கொள் என்கிறார்களா? ஒரு குழந்தைக்கு ஆபத்து என்று தெரிவித்தால், நிதி தருபவர் என்ன நினைப்பாரோ என்று யோசிக்கிறார்களா? புகார் சொன்ன குடும்பத்தின் உதவியை நிறுத்துகிறார்களா? இப்படிப்பட்டவற்றைக் கண்டால் முதலில் மேற்பார்வையாளரிடமும், பிறகு அவருக்கு மேலே இருப்பவரிடமும் எழுத்தில் சொல்லுங்கள், ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அதில் பயனாளியின் பெயர் வேண்டாம், ஃபைல் எண் போதும். குழந்தைக்கு ஆபத்து என்றால் அவர்கள் பதிலுக்காகக் காத்திருக்காமல், சட்டப்படி யாரிடம் தெரிவிக்க வேண்டுமோ அவரிடம் நீங்களே தெரிவியுங்கள். மற்றவற்றில் ஒரு பதிலுக்கு நியாயமான அவகாசம் கொடுங்கள். அதற்குப் பிறகும் எதுவும் மாறவில்லை என்றால், முதல் வேலை என்பதற்காக அங்கேயே இருக்கவேண்டிய கட்டாயமில்லை. கிளம்பும்போது ஒவ்வொரு குடும்பத்துக்கும் நேரில் போய், எந்தத் தேதியோடு நிற்கிறீர்கள், உங்களுக்குப் பதில் யார் வருவார் என்று சொல்லிவிட்டு, முடிந்தால் அந்த ஆளையும் கூடவே கூட்டிப்போய் அறிமுகப்படுத்திவிட்டு வாருங்கள்.